கரிநெருப்பும் காலை மீனும்: குமரி எல்லையில் வாலிபர் முகாம் நடத்துவோருக்கு

சபை முகாமில் ஒரு பிள்ளை கர்த்தருக்காக எடுக்கும் தீர்மானம் நாற்பது நாள் தாண்டுமா, தாண்டாதா? அது பெரும்பாலும் அந்த வாரம் அவன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. ஆவிக்குரிய காரியத்தைத் தூக்கக் கணக்கில் தொடங்குவதா என்று சிலருக்கு வருத்தம் வரலாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசும் அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் வருகிறது.

நம் முகாம்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. மூன்று இரவு சரியாகத் தூங்காத பிள்ளைகளைக் கடைசி இரவு பதினொரு மணிக்கு உட்கார வைத்து, விளக்கை அணைத்து, கீபோர்டை மெதுவாக வாசிக்கச் சொல்லி, முன்னால் வரும்படி அழைக்கிறோம். அழாத பிள்ளை இருக்காது. அந்த அழுகையில் ஆவியானவர் இல்லை என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் களைப்பு இருக்கிறது, பக்கத்தில் இருப்பவன் அழுவதைப் பார்த்து வரும் அழுகையும் இருக்கிறது. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்ததும், எது எது என்று அந்தப் பிள்ளைக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல், எல்லாமே பொய்யோ என்று நினைத்துவிடும். அதனால் இந்தக் குறிப்புகள் முழுவதும் ஒரு முடிவை வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை: அர்ப்பணிப்புக்கான அழைப்பு காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

தேதியும் ஆள் கணக்கும்

நான்கு இரவு போதும். செவ்வாய் மதியம் சேர்ந்து சனிக்கிழமை மதியம் கலைந்துவிட வேண்டும். ஞாயிறன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த சபையில், தன் வீட்டாரோடு ஆராதனையில் இருக்கட்டும். ஞாயிறையும் சேர்த்து முகாம் வைத்தால், முகாம்தான் உண்மையான சபை, ஊரில் இருப்பது சும்மா என்ற எண்ணம் சொல்லாமலே பதிந்துவிடும்.

திருவட்டார், அருமனை, குலசேகரம், களியல் பக்கமென்றாலும், கேரள எல்லை தாண்டிப் பாறசாலை, வெள்ளறடை பக்கமென்றாலும் மழைக் கணக்கு ஒன்றுதான். ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துக்கொள்ளும். மே மாதத்திலும் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும், ஆகவே விளையாட்டைக் காலை ஒன்பதுக்கு மாற்றுங்கள். இடிச் சத்தம் கேட்டவுடன் எல்லாரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மைதானத்துக்கோ மரத்தடிக்கோ போகக் கூடாது.

மே மாதத்தில் இன்னொரு காரியமும் உண்டு. பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் இரண்டு மாநிலத்திலும் அந்த மாதத்தில்தான் பெரும்பாலும் வருகின்றன. யார் யார் முடிவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகாம் நாளில் முடிவு வந்தால், அந்தப் பிள்ளையை அவன் குழுத் தலைவரான அண்ணனோ அக்காவோ தனியாக அழைத்துப்போய், முதலில் வீட்டுக்குப் போன் போட்டுப் பேச வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே மார்க் வாசிப்பதும், நல்ல மார்க் வாங்கினவனைச் சாட்சி சொல்ல மேடையேற்றுவதும் வேண்டவே வேண்டாம். பின்வரிசையில் தோற்ற பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும், கர்த்தர் தன்னைக் கைவிட்டார் என்று அது கணக்குப் போட்டுவிடும். மனம் உடைந்து பேசும் பிள்ளைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். அந்த எண் எல்லாத் தலைவர்கள் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

நாற்பத்தெட்டு பிள்ளைகள், எட்டெட்டாக ஆறு குழு, குழுவுக்கு இரண்டு தலைவர்கள், சமையலுக்கு நான்கு பேர், முகாம் தலைவர் ஒருவர், ஆக மொத்தம் 65 பேர். இதற்கு மேல் போனால் தலைவர்களுக்குப் பிள்ளைகளின் பேர் நிற்காது. யாத்திராகமம் 18-இல் மோசேயின் மாமன் பத்துப் பேருக்கு ஒருவரை வைக்கச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்: மோசேயும் சோர்ந்துபோவான், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள். முகாம் தலைவர் தனக்கென்று ஒரு குழுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கக்கூடிய ஆளாக இருக்க வேண்டும்.

ஒரே சபைப் பிள்ளைகளை ஒரே குழுவில் போடாதீர்கள். கடலோரத்துப் பிள்ளையும் மலையோரத்துப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார வேண்டும். எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கல்: வீட்டில் தமிழ் பேசி, மலையாளம் வழியாகப் படித்து, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் உண்டு. ஆங்கிலப் பள்ளியில் படித்து இரண்டும் தடுமாறும் பிள்ளைகள் அதைவிட அதிகம். பாட்டுத் தாளைத் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் அச்சடியுங்கள். வேதபாகத்தைச் சுற்றி ஆளுக்கொரு வசனமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். தன் முறை வரும் வசனத்தை எண்ணிக்கொண்டே பிள்ளை நடுங்கும், கதை ஒன்றும் காதில் ஏறாது. நன்றாக வாசிக்கும் ஒருவர் முழுப் பகுதியையும் நிதானமாக இரண்டு தடவை வாசிப்பதே சரி.

வீட்டுப் பாடம் ஒன்று

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் மூத்தவரிடம், பாட்டியோ தாத்தாவோ, போய் உட்கார்ந்து, நம் வீட்டுக்குள் விசுவாசம் எப்படி வந்தது என்று கேட்டுவர வேண்டும். 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததும், மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக நம் பெண்கள் பட்ட அடியும், 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து மேலாடையை அனுமதித்து விளம்பரம் செய்ததும் பாடப்புத்தகத்துக் கதை என்று நினைக்கும் பிள்ளைக்கு, அது தன் வீட்டு முற்றத்தில் நடந்தது என்று தெரியவரும். முதல் இரவு விளையாட்டு விளையாடிக் கூச்சம் போக்குவதற்குப் பதில், குழுவில் ஆளுக்கு மூன்று நிமிடம் இந்தக் கதையைச் சொல்லட்டும். முதல் தலைமுறையாக வந்த பிள்ளை இருந்தால், அவன் கதையை அவனே சொல்லலாம், அதுதான் அன்றைக்குப் புதிய கதை. சொல்ல விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். வீட்டில் பிளவு இருக்கும், குடி இருக்கும், அதை முதல் இரவே எட்டுப் பேர் முன்னால் திறக்கச் சொல்லக் கூடாது.

இதற்கு ரப்பர் தோட்டத்தில் ஒரு பாடம் உண்டு, முகாம் தலைவர்கள் முதல் நாளே பால்வெட்டுகிறவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பட்டையை மெல்லிசாகச் சீவினால் சிரட்டையில் பால் சொட்டுச் சொட்டாகச் சில மணி நேரம் விழும். பால் அதிகம் வரட்டும் என்று கத்தியை அழுத்தினால் உள்ளே மரம் காயப்படும். பட்டை திரும்ப வளரும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி, பிறகு வெட்ட லாயக்கில்லாமல் போகும். ஆலோசனைக்கு உட்காரும் அண்ணன்மாரும் அக்காமாரும் முதல் சந்திப்பில் மூன்று கேள்விக்கு மேல் கேட்க வேண்டாம். பிள்ளை சொன்னவரை போதும், மீதி நாளைக்கு.

அடுப்படி

சாப்பாடு சரியில்லாத முகாமில் ஜெபமும் சரியாக நடக்காது. மதியச் சோற்றுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி, 65 பேருக்குப் பத்துக் கிலோ. ராத்திரிக் கஞ்சிக்கு ஐந்து கிலோ சம்பா அரிசி, கூட இரண்டரைக் கிலோ சிறுபயறு, தேங்காய்த் துவையல், பப்படம். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) என்றால் தோலோடு இருபது கிலோ வாங்குங்கள். தோல் சீவி, துண்டு போட்டு, தண்ணீர் நிறைய விட்டு மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தூர எறியுங்கள், மிச்சம் பிடித்து மறுநாள் சூடுபண்ணித் தராதீர்கள். குடிக்கச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் ஆளுக்கு மூன்று லிட்டர். குளிக்க, துவைக்க ஆளுக்கு நாற்பது லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 2,600 லிட்டர், தொட்டியின் கொள்ளளவை அதற்கேற்பப் பாருங்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும். வயிற்றோட்டம் வந்தால் ஒரு லிட்டர் கொதித்தாறின வெள்ளத்தில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நிற்கவில்லையென்றாலும் பிள்ளை சோர்ந்து போனாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

இரண்டாம் நாள் கஞ்சியைப் பிலா (பலா) இலையில் குடிக்க வையுங்கள். பழுத்து மஞ்சளான இலையாக எடுக்க வேண்டும். காம்புப் பக்கத்தின் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடக்கிக் கூம்பாக்கி, தென்னை ஈர்க்கிலைக் குறுக்கே குத்தி நிறுத்தினால் கரண்டி ஆகிவிடும். குத்தின ஈர்க்கில் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உதட்டைக் கீறும், நகத்தால் ஒடித்துவிடணும். பிள்ளைகளுக்கு ஒரு நிபந்தனை மட்டும் சொல்லுங்கள்: தன் கரண்டியைத் தான் செய்யக் கூடாது, இடப்பக்கம் இருப்பவருக்குச் செய்து கொடுக்க வேண்டும். முனையை ஒடித்தாயா என்று அப்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்த இரவு யோவான் 13-ஐ, பேதுருவின் காலை இயேசு கழுவின பகுதியை, விளக்கம் எதுவும் இல்லாமல் வாசித்துவிட்டுப் படுக்க அனுப்பலாம். அன்று அண்ணன்மாரே பரிமாறட்டும், பாத்திரமும் கழுவட்டும். "மக்கா, இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று கேட்கும் அண்ணனின் வார்த்தை மேடையில் பேசும் அரை மணி நேரத்தைவிட ஆழமாக இறங்கும்.

பேதுருவோடு நான்கு நாள்

நான்கு நாளும் ஒரே மனிதனைப் பின்தொடருங்கள். தலைப்பு ஏழெட்டு வைத்தால் பிள்ளைகள் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். புதன் காலை லூக்கா 5, வலையும் படகும், கடலோரப் பிள்ளைகள் அன்றைக்கு வாத்தியார்கள். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் வலையை அலசும் களைப்பு எப்படி இருக்கும் என்று அவர்களே சொல்லட்டும். வியாழன் காலை மத்தேயு 14, கடலின்மேல் நடந்து அமிழ்ந்த கதை. வெள்ளி இரவு யோவான் 18, இயேசுவைத் தெரியாது என்று சொன்ன மறுதலிப்பு. சனி காலை யோவான் 21. இரவில் மறுதலித்தவனுக்குக் காலையில் கர்த்தர் சாப்பாடு வைத்திருந்தார் என்பதுதான் முழு முகாமின் அச்சாணி, மற்ற எல்லா நேரமும் இதைச் சுற்றியே ஓட வேண்டும். வெள்ளி காலை வேதபாடம் வைக்காமல் ஆளுக்கு நாற்பது நிமிடம் தனியாக மரத்தடியில் இருக்க விடுங்கள். கையில் வேதாகமம், ஒரு தாள், பேனா மட்டும். தலைவர்கள் எட்டத்தில், பார்வையில் படும்படி உட்காரலாம், நெருங்கக் கூடாது. முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் நெளிவார்கள், எறும்பைப் பார்ப்பார்கள், சிலர் தூங்குவார்கள். தூங்குகிறவனை எழுப்ப வேண்டாம்.

வெள்ளி இரவுக்குப் பெரிய தீ மூட்ட வேண்டாம். கொட்டும் மழையானால் கெட்டுப்போகும், தோட்டத்தில் காய்ந்த இலை கிடந்தால் பரவும். ஓர் இரும்புச் சட்டியில் சிரட்டைக்கரி இரண்டு கிலோ போட்டுத் திறந்த வெளியில் பற்ற வைத்தால் போதும். பக்கத்தில் இரண்டு வாளி வெள்ளம், ஒரு வாளி மணல். கரிநெருப்பை ஒருபோதும் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள், புகை தெரியாமலே மூச்சை அடைக்கும். யோவான் 18:18-இல் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில். யோவான் 21:9-இல் கரையில் மீன் சுட்டதும் கரிநெருப்பில். இந்த இரண்டு இடத்தையும் நீங்கள் விளக்கத் தேவையில்லை. வெள்ளி இரவு கரியைச் சுற்றி உட்கார்ந்து 18:15 முதல் 27 வரை வாசியுங்கள். சேவல் கூவினதோடு நிறுத்துங்கள். ஒரு நிமிடம் மௌனம். ஒரு ஜெபம். அழைப்பு கிடையாது, கை தூக்கச் சொல்வது கிடையாது, ஒன்பதரைக்கெல்லாம் படுக்கைக்குப் போய்விட வேண்டும். இங்கே தலைவர்களுக்கு நாக்கு துடிக்கும், ஏதாவது சொல்லி முடித்துவைக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் அந்தக் கதையை முடியாமலே தூங்கப் போகட்டும்.

சனி காலை ஐந்தரைக்கு அதே சட்டியோடு இன்னும் இரண்டு சட்டியில் கரி. மேலே கம்பி வலை. மீன் சாளை (மத்தி), ஆளுக்கு இரண்டு, எட்டுக் கிலோ. ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கரையில் விசைப்படகு தடைக்காலம், சின்னமுட்டத்தில் மே மாதம் பெரிய படகுகள் போகா. குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கரைத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது, ஆகவே அங்கே வெள்ளி மாலை வாங்கலாம். மீனுக்குச் சமமாக ஐஸ் போட்டு வைத்து, காலையில் கழுவி, மஞ்சள், மிளகு, உப்பு தேய்த்துக் கால் மணி நேரம் ஊறினால் போதும். கண் மங்கின மீனோ வயிறு உடைந்த மீனோ வேண்டாம். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம், மூன்று வலையில் இரண்டு தவணையாக 130 மீனும் அரை மணி நேரத்தில் ஆகிவிடும். கூட பேக்கரி ரொட்டி. இது திருவிருந்து அல்ல என்பதைச் சிறு பிள்ளைக்கும் புரியும்படி சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஞாயிறு போதகர் ஐயாவிடம் கேள்வி போய் நிற்கும்.

பிள்ளைகள் எழுந்து வரும்போது மீன் வெந்திருக்க வேண்டும். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்ற வசனத்தைச் சொல்லிச் சாப்பிட வையுங்கள். நன்றாகச் சாப்பிட்டு, வெயில் ஏறி, கை கழுவின பிறகு யோவான் 21-ஐ வாசியுங்கள். அதற்குப் பிறகுதான் அழைப்பு. "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி மூன்று தடவை. மேடை வேண்டாம், இசை வேண்டாம். பதில் சொல்ல விரும்பும் பிள்ளை தன் குழுத் தலைவரிடம் தனியாக வந்து சொல்லட்டும். வெள்ளி இரவு செய்திருந்தால் நாற்பது பேர் வந்திருப்பார்கள், காலையில் பதினைந்து பேர் வரலாம். அந்தக் கணக்கைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அறிக்கையில் எண்ணிக்கை எழுதவும் வேண்டாம்.

சொல்லிவிட்டால் என்ன செய்வது

ஆலோசனை நேரத்தில் ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லலாம், யார் செய்தது என்பதும் வரலாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கை எந்தத் தலைவரும் முன்கூட்டியே கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. சபைக்குள், குடும்பத்துக்குள் பேசி முடிக்க உங்களுக்கு அதிகாரமில்லை. "நீ சொன்னது நல்லது, நான் நம்புகிறேன், உன்னைப் பாதுகாக்க வேண்டிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன்" என்று பிள்ளைக்குச் சொல்லி, போலீசுக்கு, அல்லது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதி வையுங்கள், விசாரணை செய்யாதீர்கள். பையனோடோ பெண்ணோடோ தனியறையில் எந்த ஆலோசனையும் கிடையாது, எப்போதும் பிறர் பார்வைக்குத் தெரிகிற திண்ணையோ மரத்தடியோ போதும்.

ஆற்றில் குளிக்க அனுமதி கொடுக்காதீர்கள். திற்பரப்பு போன்ற இடங்களுக்கு முகாம் பயணமே வேண்டாம். மலைமேல் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே கோதையாற்றில் வெள்ளம் ஏறிவிடும், பாசி படிந்த பாறையில் காலும் நிற்காது. குறிப்பாகப் பையன்கள் தப்பிப்போய்க் குளிக்கப் பார்ப்பார்கள், மாலை நாலரை முதல் ஆறு வரை இரண்டு தலைவர்கள் ஆற்றுக் கடவுப் பாதையிலேயே நிற்க வேண்டும். மூழ்கின பிள்ளையைக் காப்பாற்ற நீந்தத் தெரியாத அண்ணன் பாயக் கூடாது. கயிறும் காலி குடமும் கையில் வைத்திருங்கள், உடனே 108.

செல்போனைப் பிடுங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பேர் எழுதின பைகளில் வாங்கி வைத்து மாலை அரை மணி நேரம் கொடுங்கள், வீட்டாரோடு பேசட்டும். பிள்ளை அழும் படத்தையோ ஜெபிக்கும் படத்தையோ யாரும் எடுத்துப் பரப்பக் கூடாது. தலைவர்களுக்கும் இதே விதிதான்.

தலைவர்களின் கூட்டம் இருபது நிமிடத்துக்குமேல் ஓடவே கூடாது, பத்தரைக்கு அவர்களும் படுத்திருக்க வேண்டும். இரவுக் காவலுக்கு இரண்டு பேர் முறைவைத்து, மறுநாள் மதியம் அவர்களுக்கு இரண்டு மணி நேரம் தூக்கம். மூன்றாம் நாள் தலைவர்களுக்குள் சண்டை வரும். சில நேரம் ஆவிக்குரிய போராட்டமாகவே இருக்கலாம், ஆனால் முதலில் யார் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

கலைவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தபால் அட்டை எழுதட்டும், தனக்குத்தானே, தன் வீட்டு விலாசத்துக்கு. ஒரு செயல், ஒரு ஆள், ஒரு தேதி. "இயேசுவுக்காக வாழ்வேன்" என்று பொதுவாக எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லி, அம்மாவிடம் மன்னிப்பா, தங்கைக்குச் சோறு விட்டுக்கொடுப்பதா, திங்களன்று வாசிக்கும் அதிகாரமா என்று எழுதச் சொல்லுங்கள். அட்டையை யாரும் வாசிக்கக் கூடாது. நாற்பதாம் நாள் குழுத் தலைவர் தபாலில் போட வேண்டும். அதற்கு முன் மூன்றாம் நாள், பத்தாம் நாள் இரண்டு முறை போன்.

இரண்டு ஞாயிறு சபைக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு நேரே போங்கள். முகாமைப் பற்றிக் கேட்க வேண்டாம், ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து, பாட்டி தரும் கட்டஞ்சாயாவைக் குடித்து, பத்தாம் வகுப்பு முடிவு வந்ததா, எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்று விசாரியுங்கள். பிள்ளை உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும். கூப்பிடாதீர்கள், தானாக வந்து பக்கத்தில் உட்காரும்வரை சாயாவை மெதுவாகக் குடியுங்கள்.